சத்தம் போட்ட குழாய்

"ஒரு நல்ல வார்த்தை. ஒரே ஒரு நல்ல வார்த்தை என் மக வாயில இருந்து வரக் கூடாதாம்மா?" என்றார் உலகநாதன்.

இசக்கியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போன் பண்ணுதாளா?"

"பண்ணாம என்ன? விடாம பண்ணுதா. எடுத்துக் காதுல வச்ச உடனே ஏச்சு. பெத்த அப்பன்னு ஒரு மட்டு மரியாதை கிடையாது."

"என்னன்னு ஏசுதா?"

"அதை எவன் கேட்டான்? ஆரம்பிச்ச உடனே வச்சிருவேன்."

இசக்கியம்மா முறத்திலிருந்த தோலை ஊதித் தள்ளினார்.

"நான் கேக்கது ஒண்ணுதான். அவ எங்கிட்ட நல்லபடியாப் பேசணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அதுக்காகத்தான் இந்த மலையில வந்து கெடக்கேன்."

"அண்ணாச்சி, நீங்க கட்டட வேலை பாத்தவுகதான?"

"ஆமா. காலம் பூரா சூப்பர்வைசர்."

"மேல ஊத்து இருக்கு. கீழ அடுப்படி இருக்கு. நடுவுல பகவதி குடத்தைத் தூக்கிட்டு நடக்கா. முகாமுக்குத் தண்ணி கொண்டாங்க. கொழாயில தண்ணி வந்த அன்னைக்குச் சொல்லுதேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

இசக்கியம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

*

நரிப்பாறை முகாம் என்று பெயர்தான் பெரிது. நாலைந்து கூடாரம், ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு அடுப்படி. கரண்ட் கம்பம் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. ரோடும் அதற்குத் துணையாக அங்கேயே நின்றுவிட்டது.

முகாமின் குரு இசக்கியம்மாதான். உலகநாதனைவிட இருபது வயதாவது இளையவர். உலகநாதன் குருவை 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் யாருக்கும் சங்கடம் இல்லை, உலகநாதனுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

முகாமில் சட்டம் ஒன்றுதான். காலையில் எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை மௌனம். வேலையெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். சாப்பிட்ட பிறகு பேசலாம். அதற்குள் பேச வேண்டியதில் பாதி மறந்து போகும், மீதிப் பாதி தூக்கத்தில் போகும்.

சட்டம் என்று யாரும் சொல்லாத பழக்கம் ஒன்றும் இருந்தது.

அடுப்படியில் ஒரு டிரம், அதில் ஒரு குழாய். சுமந்து கொண்டுவந்த தண்ணீர் அது. அந்தப் பக்கம் போகிற யாரும் குழாயை ஒரு தடவை இறுக்கிப் பார்க்காமல் போவதில்லை. கோயில் வாசலைக் கடக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. மனசு எங்கேயோ இருக்கும், கை அதன் காரியத்தைச் செய்துவிடும்.

இனி உலகநாதனின் கதை. அது சின்னக் கதைதான்.

மனைவி கோமதிக்கு உடம்பு முடியாமல் போனபோது மகள் செண்பகம் ஓசூரில் நிறைமாதக் கர்ப்பிணி. தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று உலகநாதன் மறைத்துவிட்டார். அவள் போனில் கேட்ட போதெல்லாம், 'அம்மா நல்லா இருக்கா' என்றார். செண்பகம் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

செய்தது சரிதான் என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகமே கிடையாது. சந்தேகம் இல்லாத மனிதர் மலையேறி வந்து எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் கேட்கக் கூடாது.

பேரன் இப்போது ஓடி விளையாடுகிறானாம். சொந்தக்காரர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

*

வேலை என்று இறங்கிவிட்டால் உலகநாதன் ராட்சசன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊற்றை ஒட்டிச் சின்னதாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். கருப்பு ஓஸ் பைப்பைச் சுருள் சுருளாகத் தோளில் சுமந்து ஏற்றினார். புதருக்குள் புகுந்து, பாறையைச் சுற்றி, அடுப்படி வரைக்கும் இழுத்துக் கொண்டுவந்தார். முனையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய்.

முன்பு லாரி ஓட்டி, இப்போது முகாமில் இருக்கிற கந்தையா ஒத்தாசைக்கு வந்து நின்றார். உலகநாதன் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் தானே செய்துவிடலாம் என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு சிக்கல். வழியில் ஒரு மேடு. ஓஸ் அதில் ஏறி இறங்கித்தான் வர வேண்டும். ஏறி இறங்குகிற இடத்தில் காற்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் தண்ணீர் நகராது.

அதற்கு வழி அவருக்குத் தெரியாமல் இல்லை. கீழே குழாயைத் திறந்து போட வேண்டும். மேலே ஆள் உட்கார்ந்து, ஓஸ் வாயில் இலை தழை அடையாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றெல்லாம் மெள்ள மெள்ளக் கீழே வந்து வெளியே போகும். அப்புறம் தண்ணீர். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உலகநாதனிடம் மற்ற சாமான் எல்லாம் இருந்தது.

குழாயைத் திறந்து வைத்துவிட்டு மேலே ஏறினார்.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. மலையில் அந்தப் பாறையில் மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

செண்பகம்.

"எப்பா, நீங்க என்னதான் நெனச்சிட்டு இருக்கிய? அன்னைக்கு அம்மா—"

வைத்துவிட்டார்.

வெயில் ஏறும் வரை இலையைத் தள்ளினார். இறங்கி வந்து பார்த்தார். குழாய் மூடிக் கிடந்தது. திருகினார். 'புஸ்' என்று ஒரு மூச்சு. அதோடு சரி.

திறக்க மறந்துவிட்டோமோ?

தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

*

மறுநாள் மறக்கவில்லை. திறந்தார். திறந்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேலே போனார். இலையைத் தள்ளினார். இறங்கினார்.

மூடியிருந்தது.

பகவதி குடத்தோடு எதிரே வந்தாள். அவர் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. குழாயைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். திருகுகிற மாதிரி விரலைச் சுற்றிக் காட்டினாள். நான்தான் மூடினேன், கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம்.

உலகநாதனுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மௌன நேரம். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஆற்றாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

நன்றி சொல்கிறார் என்று பகவதி எடுத்துக்கொண்டாள். குடத்தை இறக்கி வைத்துப் பதிலுக்குக் கும்பிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் உலகநாதன் பொரிந்து தள்ளினார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. அந்தக் கொழாயை எவரும் தொடக் கூடாது. அது தெறந்துதான் கெடக்கும். தெறந்தே கெடக்கட்டும்."

"சரி அண்ணாச்சி" என்றாள் பகவதி.

"தொடவே மாட்டோம்" என்றார் கந்தையா.

மறுநாள் மூடியிருந்தது.

"தெரியாமக் கை போயிட்டு அண்ணாச்சி" என்றார் கந்தையா. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "மூடின பொறவுதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"ஞாபகம் வந்தா தெறக்க வேண்டியதுதான?"

"அடடா" என்றார் கந்தையா. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் உலகநாதன் குழாயைத் திறந்து, கைப்பிடியைக் கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தால் குழாய் மூடியிருக்கிறது. கம்பியை யாரோ அவிழ்த்து, நிமிர்த்தி, அழகாக மடித்துப் பக்கத்துக் கல்மேல் வைத்திருந்தார்கள். முகாமில் எதையும் வீணாக்க மாட்டார்கள்.

*

"நீங்க இவுகளுக்கு என்னதாம்மா சொல்லிக்குடுத்திருக்கிய?" என்று இசக்கியம்மாவிடம் போய் நின்றார். "நாயா அலையுதேன். மேல ஏறுதேன், கீழ எறங்குதேன், மொழங்கால் தேயுது. அங்கன ஒருத்தரும் வாயைத் தெறக்க மாட்டேங்காக. கொழாயை மட்டும் மூட மறக்க மாட்டேங்காக."

இசக்கியம்மா கூடாரத்தின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பழக்கம்தான அண்ணாச்சி?"

"நல்ல பழக்கம்தான் என் உயிரை எடுக்குது!"

"ம்."

"ம்முன்னா?"

"ஊசியில நூல் கோத்துத் தாங்க. கண்ணு பிடிபட மாட்டேங்குது."

கோத்துக் கொடுத்தார்.

"மக கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா, கூப்பிட்டா. 'எப்பா, வச்சிராதிய, நான் சொல்லுததை மட்டும்'ன்னு ஆரம்பிச்சா. காது குடுத்துக் கேக்க முடியுதா? வச்சிட்டேன்."

"ம்" என்றார் இசக்கியம்மா. தைத்தார்.

இந்த அம்மாவிடம் வந்ததற்குப் பேசாமல் ஊரிலேயே இருந்து தொலைத்திருக்கலாம் என்று உலகநாதனுக்குத் தோன்றியது. துணிமணியைக்கூட எடுத்து வைத்துப் பார்த்தார். தண்ணீர் வராமல் போனால் கந்தையா என்ன நினைப்பார் என்று திரும்பப் பிரித்துவிட்டார்.

*

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு எழுந்தார். குழாயையே கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது வெறும் ஓஸ். திறந்த வாய். திருகுவதற்கு எதுவும் கிடையாது. எவர் கை எதை மூடும், பார்த்துவிடுவோம்.

மேலே போகும்போது சீட்டிகூட அடித்தார். மௌனத்தில் சீட்டி சேர்த்தியா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

இறங்கி வந்தார்.

ஓஸின் வாயில் ஒரு மரக்கட்டை. சும்மா கிடந்த கட்டையைத் திணித்தது இல்லை. அளவெடுத்து, செதுக்கி, வழவழவென்று இழைத்து, கச்சிதமாக இறக்கியிருந்தது. பிடுங்குவதற்கு அவருக்கு மூச்சு முட்டியது. பிடுங்கியதும் உள்ளேயிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு துளி சேறு தெறித்தது.

உலகநாதனுக்குக் கோபத்தில் கண்ணே தெரியவில்லை.

"எந்தக் கழுத செஞ்ச வேலை இது?"

முகாம் மொத்தமும் அப்படியே நின்றது. பகவதி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"என்ன உஸ்ஸு? உஸ்ஸு உஸ்ஸுன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னை இந்தக் கதிக்கு ஆக்கிட்டிய! யாரு செஞ்சது? சொல்லுங்க!"

"நாந்தான்" என்றார் இசக்கியம்மா.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிவாள்மனை, அதைச் சுற்றி மரச்சீவல்.

உலகநாதன் கட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்களாம்மா? ஏன்?"

"சத்தம் வந்துச்சு. கொர்ரு கொர்ருன்னு. கேக்க நல்லாவே இல்ல."

"சத்தம் வரத்தான் செய்யும்!" அவர் கத்தினார். "அம்புட்டு நாளா உள்ளயே கெடந்த காத்து! சும்மாவா வரும்? கொர்ருங்கும், புஸ்ஸுங்கும், காறித் துப்பும். சேறும் சகதியுமா மூஞ்சியில அடிக்கும். அதெல்லாம் வந்து முடிஞ்ச பொறவுதான் நல்ல தண்ணி! கேக்கப் புடிக்கலன்னு வாயை அடைச்சா அது எப்பிடி வரும்? வாரப்பல்லாம் அடைச்சு அடைச்சு விட்டுட்டு, நல்லது வரல நல்லது வரலன்னு உக்காந்திருந்தா—"

நின்றுவிட்டார்.

அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

"ம்" என்றார் இசக்கியம்மா. "சொல்லுங்க அண்ணாச்சி. நிறுத்திட்டியளே."

உலகநாதன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். இசக்கியம்மா எழுந்து வந்து அதை வாங்கினார். அடுப்பில் செருகினார்.

"தண்ணி வந்தா வழி சொல்லுதேன்னு சொன்னிய" என்றார் உலகநாதன். குரல் இறங்கியிருந்தது.

"தண்ணி இன்னும் வரலையே."

உலகநாதன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போன் இருந்தது. ஊற்றுப் பாறையை நோக்கி நடந்தார்.

கந்தையா ஓஸின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கை மெள்ள மெள்ள அதன் வாயை நோக்கிப் போனது. இசக்கியம்மா அவரைத் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். திரிக்கச் சொல்லித் தேங்காய் நாரை அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தார்.

*

பாறையில் உட்கார்ந்து உலகநாதன் மகளைக் கூப்பிட்டார். அவராக அவளைக் கூப்பிடுவது பந்தல் பிரித்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தார். எடுக்காமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தார்.

"என்னப்பா? யாருக்கும் எதுவும் ஆயிட்டா?"

"ஒண்ணும் இல்ல. நீ என்னமோ சொல்லணும்னியே."

"சொன்னா வச்சிருவிய."

"சொல்லு தாயி."

செண்பகம் ஆரம்பித்தாள்.

"அம்மாட்ட போனைக் குடுங்கன்னு கேட்டேன். தூங்குதான்னிய. ஐசியூவுல கெடந்த மனுசியைத் தூங்குதான்னிய. நானும் சரின்னு வச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பால்கோவா தின்னுட்டு டிவி பாத்தேன்ப்பா. அங்கன அம்மா சாகக் கெடக்கு, இங்கன நான் பால்கோவா திங்கேன். என்னை அப்பிடி ஆக்கி வச்சது நீங்க. நீங்க யாரு அதை முடிவு பண்ண? உங்களுக்குப் பொண்டாட்டின்னா எனக்கு அம்மா இல்லையா?"

உலகநாதனின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேல் போய் நின்றது. அவர் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போயிருந்தது.

அதைப் பார்த்தார். போனை இடது கைக்கு மாற்றினார். வலது கையை மணிக்கட்டு முங்கத் தண்ணீருக்குள் விட்டு இலையைத் தள்ளினார்.

"கடைசியா என் பேரைச் சொல்லிச்சா, என்னைத் தேடிச்சான்னு கேக்கத்தான் விடாமக் கூப்பிடுதேன். ஏசுததுக்கா கூப்பிடுதேன்? நீங்க ஒரு தடவையாச்சும் முழுசாக் கேட்டியளா? உன் நல்லதுக்கு, உன் நல்லதுக்குன்னு... எனக்கு எது நல்லதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? கல்லு மனசுக்காரர் நீங்க. அம்மா உங்ககூட எப்பிடித்தான் இருந்துச்சோ."

கேட்கவே நன்றாக இல்லை. ஒரு வார்த்தைகூட நன்றாக இல்லை. உலகநாதனின் கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்க ஒரு கை மிச்சமில்லை.

ஓஸின் வாயில் தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. சட்டென்று உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே போனது.

கீழே யாரோ தகரத்தைத் தட்டினார்கள். குடம் உருளுகிற சத்தம். பிறகு, மௌனமாவது ஒன்றாவது என்று பகவதி போட்ட குலவை மலை முழுக்கக் கேட்டது. "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கந்தையா தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

உலகநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

செண்பகம் பேச்சை நிறுத்தியிருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எப்பா?"

அவர் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

"வச்சிட்டியளா?"

"இல்ல தாயி" என்றார் உலகநாதன். "இருக்கேன். நீ சொல்லு."

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.